எலிசபெத் கீ தொடுத்த வழக்கு
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மூன்றரை நூற்றாண்டுகட்கு முன், தம் குடும்ப வரலாற்றையே சான்றாக வைத்து வழக்காடி விடுதலை பெற்ற பெண்ணொருவரைப் பற்றிச் சிறிது கூற விழைகின்றோம்.

வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் நிறுவிய வர்ஜீனியாக் குடியேற்றத்தில், 1630ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் எலிசபெத் கீ. தந்தை தாமஸ் கீ ஆங்கிலேயர்; தோட்ட உரிமையாளர்; குடியேற்றச் சட்டமன்ற உறுப்பினர். தாயோ அவரிடம் அடிமையாயிருந்த ஆப்பிரிக்கப் பெண். தந்தையின் பெயரும் பதவியும் ஏட்டில் நிற்கின்றன. வழக்கின் சாட்சியத்திலோ தாய் 'அவருடைய கறுப்புப் பெண்' மட்டுமே. சேர்க்கைப் பதிவேட்டில் நாள்தோறும் பெயரெழுதும் நமக்கு அவ்வரி உறுத்துகின்றது.

1636இல் தந்தை, சிறுமியை அவளுடைய ஞானத்தந்தை ஹம்ப்ரி ஹிக்கின்சனிடம் ஒன்பது ஆண்டுப் பணிக்கு ஒப்படைத்தார், விரைவில் இறந்தும்போனார். பின்னர் அவள் கர்னல் ஜான் மாட்ராம் என்பவர் கைக்கு மாறினாள். ஒன்பதாண்டு பத்தொன்பதாண்டாயிற்று. 1655இல் மாட்ராம் மாண்டதும், சொத்தைப் பொறுப்பேற்றோர் எலிசபெத்தையும் அவருடைய ஆண்குழந்தையையும் அடிமைகளாகவே கணக்கிட்டனர்.

எலிசபெத் வழக்குத் தொடுத்தார். வாதாடியவர் வில்லியம் கிரின்ஸ்டெட், ஒப்பந்தப் பணியாளராக வந்த ஆங்கில இளைஞர், சட்டமறிந்தவர், அக்குழந்தையின் தந்தை. அக்கால ஆங்கிலச் சட்டப்படி பிள்ளை தந்தையின் நிலையையே பெறும். ஆகவே, தந்தை யாரென்று மெய்ப்பிக்க வேண்டும். எண்பது வயதை எட்டிய எலிசபெத் நியூமன் என்னும் மூதாட்டி சாட்சி சொன்னார்: அப்பெண்ணைக் கருவுறச் செய்ததற்காகத் தாமஸ் கீ முன்பே நீதிமன்றத்தில் தண்டம் விதிக்கப்பெற்றவர் என்று. தந்தைக்கு இழுக்கெனப் பதிந்த தண்டமே மகளுக்கு உரிமைப் பத்திரமாயிற்று! அவர் ஞானஸ்நானம் பெற்ற கிறித்தவர், பணிக்காலம் என்றோ முடிந்தது என்னும் வாதங்களும் உடன் வைக்கப்பெற்றன.

1656 சனவரியில் நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்மன்றம் அதனை மாற்றியது. வழக்கு சட்டமன்றம் வரை சென்றது. அதன் குழு எலிசபெத்தின் வாதத்தை ஏற்றது. கூடுதலாக உழைத்த காலத்திற்கு ஈடு தரவேண்டுமென்றும் கூறிற்று. சூலையில் விடுதலை, அதே மாதம் 21ஆம் நாள் கிரின்ஸ்டெட்டுடன் திருமண அறிவிப்பு.

ஆளவந்தார் வாளாவிருந்தனரா? 1662இல் வர்ஜீனியாச் சட்டமன்றம், பிள்ளையின் நிலை தாயின் நிலையையே பற்றும் என்று விதித்தது. ஆங்கிலச் சட்டம் தலைகீழாயிற்று. அடிமைப் பெண்ணிடம் பிள்ளை பெற்ற உடைமையாளனுக்கு இனிப் பொறுப்பில்லை. பிள்ளையும் அவன் சொத்து. 1667இல், ஞானஸ்நானம் அடிமை நிலையை மாற்றாதென்று மற்றொரு சட்டம் வந்தது. எலிசபெத் நுழைந்த இரு வாயில்களும் பதினோராண்டில் அடைபட்டன.

கிரின்ஸ்டெட் 1661இலேயே காலமானார். எலிசபெத் மறுமணம் புரிந்தார். அவருடைய மைந்தர் ஜானும் வில்லியமும் எவருக்கும் அடிமையாகாது வளர்ந்தனர். அதே வர்ஜீனியாவில் அடிமைத் தாய்மார் ஈன்ற பிள்ளைகளை அச்சட்டம் 1865 வரை பிணித்திருந்தது.