ஸ்ரிம் திறக்குது, சரி. கணக்கு?

ஓர் அயனி உலோகத்துக்குள்ள பாய்ஞ்சா எவ்வளவு ஆழம் போகும், வழியில எத்தனை அணுக்களை இடம்பெயர்க்கும்னு கணக்குப் போடுற இலவச மென்பொருள் ஸ்ரிம். சீக்லர், பியர்சாக் ரெண்டு பேரும் 1980-கள்ல வளர்த்தெடுத்தது.

ஸ்ரீரங்கத்து வீட்ல முதல்தடவை திறந்தப்போ, ஏதோ ஓ.சி.எக்ஸ். ஃபைலைக் காணோம்னு நின்னுடுச்சு. விஷுவல் பேசிக் காலத்து நிரல் ஆச்சே! கூடவே வர்ற ஸ்ரிம்-செட்டப் ஃபோல்டர்ல ஒரு பேட்ச் ஃபைல் இருக்கு. ரைட் கிளிக் பண்ணி, அட்மினிஸ்ட்ரேட்டரா ஓடவிடுங்க. தீர்ந்தது.

என்னைக் கவுத்தது வேற. இரும்புன்னு தேர்ந்தெடுத்தா, அணுவை இடம்பெயர்க்கத் தேவையான ஆற்றலை 25 எலக்ட்ரான் வோல்ட்னு அதுவே நிரப்பிக்கும். கதிர்வீச்சுச் சேதக் கணக்குல இரும்புக்கு வழக்கமா எடுக்கறது 40. நான் கவனிக்கலை. கல்பாக்கத்து முடுக்கியில நேரம் கேட்டு எழுதின விண்ணப்பத்துல சேதம் சுமார் 1.6 மடங்கு கூடுதலா இருந்தது. அப்படியே போயிருந்தா, மாதிரிக்குத் தேவையான அளவு அயனியே விழுந்திருக்காது.

திருச்சியில கைடு பார்த்துட்டு, “இந்த 25 யாரு போட்டதுப்பா?”ன்னார். “சாஃப்ட்வேர் சார்”னேன். சிரிக்கலை அவர். சத்திரத்துல பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்து, 40 போட்டு மறுபடி ஓடவிட்டேன். இந்தத் தடவை ‘குயிக்’ கணக்குமுறையில. இரும்புச் சேதத்துக்கு அதைத்தான் 2013-ல ஸ்டோலர் குழுவும் பரிந்துரைச்சாங்க.