திரைவழி வந்த மொழி

எங்கள் பாடசாலையிற் பயின்ற மாணவி ஒருத்தி இணையவழி வகுப்பிலே ஸ்பானிய மொழி கற்கின்றாள். ஆசிரியை இருப்பது மெக்சிக்கோவில். அங்கே மாலை, இங்கே விடியற்காலை.

‘பெரோ’ என்றால் ‘ஆனால்’. ரகரத்தை உருட்டிப் ‘பெர்ரோ’ என்றால் ‘நாய்’. இணைப்புத் தளரும்போதெல்லாம் இரண்டும் ஒன்றாகவே கேட்டன. வகுப்பை விட்டுவிடவும் எண்ணினாளாம்.

இலக்கணமோ அவளைக் கைவிடவில்லை. ‘அப்லோ’ என்ற ஒரு சொல்லே ‘பேசுகிறேன்’ எனப் பொருள்படும். ‘நான்’ என்று தனியே கூறவேண்டியதில்லை. ஆங்கிலத்தில் விளக்கியபோது விளங்காதது, தமிழை நினைத்ததும் விளங்கிற்று. வீட்டிலே பிள்ளைகளோடு ஆங்கிலமே பேசுங்கள் என்று பெற்றோருக்குப் புத்தி சொன்ன ஆசிரியர்களுள் நானும் ஒருவன்.

சென்ற வாரம் என்னைக் கண்டபோது ‘உஸ்தெத்’ என்றாள். பெரியவர்களை ‘நீங்கள்’ என்பதற்கு அம்மொழியில் வழங்கும் சொல்லாம் அது.