பெரட்டுக்கு வராத பணக்காரர்கள்

நியூயார்க்கில் 384,500 மில்லியனர்கள் வாழ்கிறார்களாம். நம் மலேசியாவுக்குப் பக்கத்திலிருக்கும் சிங்கப்பூரில் 242,400 பேராம். ஹென்லி அண்ட் பார்ட்னர்ஸ் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட பணக்கார நகரங்களின் பட்டியல் அப்படிச் சொல்கிறது. நாளேடுகளும் அரசாங்கமே வீடு வீடாகப் போய் எண்ணி வந்ததைப் போல அதை அச்சிடுகின்றன. எந்த வீட்டுக் கதவையும் எவரும் தட்டவில்லை. நியூ வேர்ல்ட் வெல்த் என்ற ஆய்வு நிறுவனம் கொஞ்சம் பேரைப் பற்றித் திரட்டிய விவரத்திலிருந்து கட்டிய மதிப்பீடு அது. சரி, ஹென்லியின் தொழில் என்ன? பணமுள்ளவர்களுக்கு வேறு நாட்டில் குடியுரிமையும் வசிப்பிட உரிமையும் கிடைக்க வழிகாட்டுவது. மாட்டுத் தரகரே சந்தைக் கணக்கையும் எழுதுகிறார். அவர் பொய் எழுதுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் எழுதுவதைச் சரிபார்க்க வேறு கணக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது?

யாரை மில்லியனர் என்று சொல்வது என்பதிலேயே ஒற்றுமை இல்லை. குடியிருக்கும் வீட்டைக் கழித்துவிட்டு, முதலீடு செய்யக்கூடிய பணம் மட்டும் ஒரு மில்லியன் டாலர் இருக்க வேண்டும் என்கிறது கேப்ஜெமினி. வீடு, நிலம், பங்கு எல்லாவற்றையும் கூட்டிக் கடனைக் கழிக்கிறது யூபிஎஸ் வங்கி. 2024-இல் அமெரிக்காவில் எத்தனை மில்லியனர்கள் என்று கேட்டால் முன்னது 7.9 மில்லியன் என்கிறது, பின்னது ஏறக்குறைய 23.8 மில்லியன் என்கிறது. ஒரே நாடு, ஒரே ஆண்டு, மூன்று மடங்கு வித்தியாசம்! ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தில் எந்தக் கிராணியாவது இப்படிக் கணக்கு எழுதியிருந்தால் துரை அன்றைக்கே அவர் சீட்டைக் கிழித்திருப்பார். அந்த மில்லியன் டாலரை நாலு மில்லியன் வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்த்தால், அதைத் தொட 196 ஆண்டுகள் ஆகும்.

தோட்டத்தில் உழைத்த நம் மக்களை எண்ணியதில் மட்டும் யாரும் தடுமாறியதில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் வாசித்து எண்ணினார்கள். கொண்டுவந்த பாலை நிறுத்தார்கள். அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். இன்றைக்கும் அரசாங்கத்தின் ரஹ்மா உதவித்தொகை வாங்க அடையாள அட்டை எண், குடும்ப வருமானம், பிள்ளைகள் எத்தனை பேர், எல்லாம் பதிய வேண்டும். மாத வருமானம் 2,500 வெள்ளிக்குள் என்றால் ஒரு தொகை, 5,000-க்குள் என்றால் வேறொரு தொகை. ஏழையின் சட்டைப்பையில் கிடக்கும் சில்லறைவரை அரசாங்கத்துக்குத் தெரிகிறது.

“ஏழைகளின் கணக்கும் தப்பாகத்தானே இருந்தது?” என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். 2016-இன் கணக்குப்படி இந்த நாட்டில் வறுமை 0.4 விழுக்காடு. 2019-இல் இங்கு வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அதை நம்ப முடியாது என்று பகிரங்கமாகச் சொன்னார். மறு ஆண்டே வறுமைக்கோடு மாதம் 980 வெள்ளியிலிருந்து 2,208 வெள்ளிக்கு ஏறியது, 2019-இன் வறுமை 5.6 விழுக்காடாயிற்று. இதை ஏன் சொல்கிறேன்? அரசாங்கம் எடுத்த கணக்கு என்பதால் அதோடு மல்லுக்கட்ட முடிந்தது, திருத்த முடிந்தது. தரகர் கணக்கோடு மல்லுக்கட்ட எந்த அலுவலகத்துக்குப் போவீர்கள்?

“வருமானத்தில் மேலே இருக்கும் 20 விழுக்காட்டுக் குடும்பங்களை டி20 என்று பிரித்திருக்கிறார்களே” என்பது அடுத்த வாதம். 2022-இன் கணக்குப்படி மாதம் 11,820 வெள்ளி வருமானம் உள்ள குடும்பம் டி20-இல் சேர்ந்துவிடும். கணவன் மனைவி இரண்டு பேரும் நல்ல வேலையில் இருந்து, வீட்டுக்கும் காருக்கும் கடன் கட்டும் குடும்பமும் அங்கேதான். ஊரையே மனை போட்டு விற்கும் நிறுவனத்தின் முதலாளியும் அங்கேதான். அது வருமானத்தை அளக்கும் கோடு. சொத்தை அது பார்ப்பதே இல்லை.

சொத்து எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்ள நியூயார்க் வரை போக வேண்டாம், நாம் கூடியிருக்கும் இந்தச் சிரம்பான் மண்டபத்துக்கு வெளியே வந்தால் போதும். சிரம்பான் 2 தோட்டமாக இருந்த மண். பண்டார் ஐன்ஸ்டேல் தன் பேரிலேயே பழைய தோட்டத்தின் பேரைச் சுமந்துகொண்டிருக்கிறது. பால் மரமும் செம்பனையும் நின்றவரை நிலத்துக்கு ஏக்கர் விலை. மரத்தைச் சாய்த்து மனை போட்டதும் சதுர அடி விலை. ஓர் ஏக்கருக்கு 43,560 சதுர அடி என்பதை மறந்துவிடாதீர்கள். தோட்டம் மூடி வேலை போன தொழிலாளிக்குச் சட்டம் என்ன தந்தது? 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். முப்பது ஆண்டு பால் மரம் வெட்டியவருக்கு 600 நாள் கூலி. அவர் பங்கை நாள் கணக்கில், வெள்ளி கணக்கில் நான் உங்களுக்குச் சொல்லிவிட முடிகிறது. அதே மண் சதுர அடியாக மாறியபோது யார் கையில் எவ்வளவு சேர்ந்தது, அதில் எத்தனை பேர் மில்லியனர் ஆனார்கள் என்று சொல்லும் அரசாங்க அட்டவணை இல்லை.

பணக்காரர் சொத்தை எட்டிப் பார்க்க ஒரு காலத்தில் ஒரு சன்னலாவது திறந்திருந்தது. நமக்கு எஸ்டேட் என்றால் தோட்டம். சட்டப் புத்தகத்திலோ எஸ்டேட் என்றால் இறந்தவர் விட்டுப்போன சொத்து. அந்தச் சொத்துக்கு ஒரு வரி இருந்தது. பெரிய பணக்காரர் இறந்தால் அவர் விட்டுப்போனதைப் பட்டியலிட்டாக வேண்டும். இத்தகைய பதிவுகளைக் கொண்டுதான் பிரிட்டனில் அறிஞர்கள் நாட்டுச் செல்வம் எத்தனை பேர் கையில் என்று பல காலம் கணித்தார்கள். 1991 நவம்பர் 1 முதல் மலேசியாவில் அந்த வரி ஒழிந்தது. வரி போனது ஒரு பக்கம். கணக்கும் கூடவே போயிற்றே!

இதையெல்லாம் கேட்பது பொறாமை என்பார்கள். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, வயிற்றைக் கட்டிப் பங்குப்பணம் செலுத்தித் தோட்டங்களையே வாங்கிய மக்கள் நாம். சொத்தின் மேல் நமக்கு வெறுப்பில்லை. இன்னொருவர், “நம்மவர் ஆனந்த கிருஷ்ணன் உலகப் பணக்காரர் பட்டியலில் இருந்தாரே” என்று மார்தட்டுவார். இருந்தார், 2024-இல் மறைந்தார். அவருடைய செல்வத்தைக் கூட்டி மலேசிய இந்தியர்களின் சராசரி எடுத்தால் எண் ஏறும், தோட்டத்து வீட்டு அடுப்பில் உலை ஏறாது.

சொத்தை அளக்கவே முடியாது என்பவர்களுக்கு ஒரு கேள்வி. மலேசியா எனது இரண்டாவது இல்லம் திட்டத்தில் பிளாட்டினம் பிரிவுக்கு வரும் வெளிநாட்டுக்காரர் ஒரு மில்லியன் டாலரை வைப்புத்தொகையாகக் காட்ட வேண்டும் என்று 2024-இல் விதித்தது யார்? வாசலில் நிற்கும் பணக்காரரை டாலர் டாலராக எண்ணத் தெரிந்த அரசாங்கத்துக்கு, வீட்டுக்குள் இருப்பவரை எண்ணத் தெரியாதா? நார்வேயும் சுவிட்சர்லாந்தும் ஆண்டுதோறும் சொத்துவரி வாங்குகின்றன, எண்ணாமலா வாங்குகின்றன?

கடைசியாக ஒரு மிரட்டல்: எண்ணத் தொடங்கினால் பணக்காரர்கள் ஓடிவிடுவார்கள். 2025-இல் உலகம் முழுக்க 142,000 மில்லியனர்கள் நாடு மாறுவார்கள் என்று அதே ஹென்லிதான் சொன்னது. யூபிஎஸ் கணக்கில் உலக மில்லியனர்கள் ஏறக்குறைய 60 மில்லியன். ஆயிரத்துக்கு இரண்டரைப் பேர்கூடத் தேறவில்லை. அந்த இரண்டரைப் பேருக்குப் பயந்து மிச்சப் பேரை எண்ணாமல் விட வேண்டுமாம். அப்படியே நாளைக்கு நம் நாட்டிலிருந்து சிலர் ஓடினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எத்தனை பேர் ஓடினார்கள் என்று நம்மிடம் வந்து புலம்புவதற்காவது, முதலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணி வைத்திருக்க வேண்டாமா?