புதிய ஆசிரியரின் முதல் ஆண்டு

புதிதாகப் பட்டம் பெற்ற வைத்தியரிடம் கடினமான சத்திரசிகிச்சையை எவரும் தனியே ஒப்படைப்பதில்லை. ஆனால், நேற்றுப் பாடசாலைக்கு வந்த ஆசிரியரிடம், மற்றவர்கள் வேண்டாமென ஒதுக்கிய வகுப்பைக் கொடுத்துவிட்டு அப்பாற் செல்வது பல இடங்களிலும் காணும் வழக்கமாகும்.

இலங்கையில் ஆசிரியர் பயிற்சி புதியதொன்றன்று. கோப்பாய், பலாலி முதலிய இடங்களில் அமைந்த ஆசிரியர் கலாசாலைகள் தமிழ்ப் பாடசாலைகளுக்குப் பல தலைமுறை ஆசிரியர்களை உருவாக்கித் தந்தன. பின்னர், 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த கல்வியியற் கல்லூரிகள் மூன்றாண்டுப் பயிற்சியை வகுத்தன. முதலிரண்டு ஆண்டுகள் கல்லூரியில் தங்கிப் படிப்பு. மூன்றாம் ஆண்டு பாடசாலையொன்றிற் கற்பித்தற் பயிற்சி. நீந்துதலைப் போலவே கற்பித்தலும் இறங்கிப் பழகவேண்டிய கலை என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது.

எனினும், நியமனம் கிடைத்த பின்னரே உண்மையான சோதனை தொடங்குகிறது. மூன்றில் ஒன்றிலும் நான்கில் ஒன்றே பெரிதென ஒரு மாணவன் சொல்கிறான் என்று கொள்வோம். புதிய ஆசிரியர் பிழையெனக் கூறிச் சரியான விடையை எழுதிவிடுவார். அனுபவம் மிக்கவரோ, “ஏன் அப்படி நினைக்கிறாய்?” என்று கேட்பார். மூன்றிலும் நான்கு பெரிது என்ற எண்ணமே பிழைக்குக் காரணமென அப்பொழுது வெளிப்படும். ஒரு தோடம்பழத்தை மூவருக்கும் நால்வருக்கும் பங்கிட்டுக் காட்டினால் மயக்கம் தீரும். இந்த நுட்பம் புத்தகத்தால் மாத்திரம் வருவதன்று. தேர்ந்தவர் கற்பிப்பதை அருகிருந்து பார்ப்பதனாலும் வருவது.

ஆகவே, அதிபர்கள் செய்யத்தக்கவை சிலவுண்டு. முதற் தவணையிற் புதியவரின் பாடவேளைகளைச் சற்றுக் குறைக்கலாம். வாரம் ஒருமுறை மூத்த ஆசிரியரின் வகுப்பில் அவரை அமரச் செய்யலாம். மூத்தவரும் அவருடைய வகுப்பைப் பார்க்கவேண்டும். ஆனால் குறைகளை மாணவர் முன்னிலையிற் கூறாது, தனிமையிற் பரிவோடு எடுத்துரைத்தல் வேண்டும். மூத்தவர் இல்லாத சிறிய பாடசாலைகளின் ஆசிரியர்கள், அயற் பாடசாலையாருடன் மாதமொருமுறை கூடிப் பேசலாம்.

கேட்டால் இகழ்வார்களோ என அஞ்சும் ஆசிரியர் தம் இடர்ப்பாட்டை மறைக்கிறார். மறைத்த இடர்ப்பாடு நாளடைவிற் சினமாகிறது. சினம் பிரம்பை நாடுகிறது. அதன் விலையைக் கொடுப்பவர் பிள்ளைகளே. ஆசிரியருக்கு அடுத்த ஆண்டும் அவ்வகுப்புக் கிடைக்கலாம். பிள்ளைக்கு அந்த ஆண்டு மீண்டும் வாராது.