மருந்தின் பெறுமதி பெட்டியில் இல்லை
(குருக்கள்மடத்தில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



மலையில் கொழுந்து எடுப்பவர்களும் இந்த வாவிக்கரையில் தேங்காய் உரிப்பவர்களும் இன்று ஒன்றாக இருக்கிறோம். சம்பளத்தைப் பற்றி முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். அந்தச் சம்பளம் பாமசியில் எப்படிக் கரைகிறது என்று நான் சொல்கிறேன்.

என் அம்மாவுக்குப் பிரஷர். 2022 இல் கிளினிக்கில் குளிசை இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். பாமசியில் சொன்ன விலைக்குப் பாதி மாதத்துக்குத்தான் வாங்க முடிந்தது. அம்மா எங்களுக்குச் சொல்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் குடித்தார். அதே மருந்து வேறொரு கம்பனியின் பெயரில், குறைந்த விலையில், அதே அலுமாரியில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. கேட்க எங்களுக்குத் தெரியவில்லை.

மருந்துக்கு இரண்டு பெயர் உண்டு. பரசிற்றமோல் என்பது மருந்தின் பெயர். பனடோல் என்பது கம்பனி வைத்த பெயர். காய்ச்சலைக் குறைப்பது மருந்து. விளம்பரச் செலவு கம்பனிப் பெயரோடு வருகிறது.

இதை நம் நாட்டுக்குச் சொல்லிக் கொடுத்தவர் பேராதனைப் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் அவரும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அந்த ஆண்டே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. பிபிலேதான் முதல் தலைவர். ஒவ்வொரு மருந்தையும் எடுத்து மூன்று கேள்வி கேட்டார்கள்: இது குணப்படுத்துமா? ஆபத்து இல்லாததா? இதே வேலையை இதைவிட மலிவான மருந்து செய்யுமா? இறக்குமதியான மருந்து வகைகள் ஏறத்தாழ 2,100 இலிருந்து 600 ஆகக் குறைந்தன. உலக நாடுகளிடம் கேள்விப்பத்திரம் கோரி, மருந்தின் பெயரிலேயே வாங்கினார்கள். 1977 இல் உலக சுகாதார நிறுவனமும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. இலவச வைத்தியத்தைத் தாங்கி நிற்பது இந்தக் கணக்குத்தான்.

மலிவென்றால் போதும் என்று நான் சொல்லவில்லை. தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 இல் கைதானார். தரம் பார்க்காத மருந்து எந்த விலையானாலும் நட்டம். அந்தத் தரத்தைப் பார்க்கத்தான் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது. அதன் வேலையைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.

ஆகவே மூன்று காரியம். துண்டில் மருந்தின் பெயரையும் எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள். பாமசியில், "இதே மருந்து விலை குறைவாக இருக்கிறதா?" என்று கேளுங்கள், பக்கத்தில் அரச ஒசுசல இருந்தால் அங்கும் விசாரியுங்கள். வைத்தியரைக் கேட்காமல் குளிசையை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

கிளினிக்கில் மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பினால், திகதியையும் மருந்தின் பெயரையும் கொப்பியில் எழுதித் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். ஒருவர் சொன்னால் முறைப்பாடு. நூறு பேர் எழுதிக் கொடுத்தால் அது சங்கத்தின் கோரிக்கை. அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் சம்பளத்தோடு அந்தக் கொப்பியையும் வைப்போம்.