சுழல்வதற்கு முன் நிற்கக் கற்போம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, நடனம் சொல்லிக்கொடுக்கப் போனவன் நான். அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றியே பேசுகிறேன். பிரேக் டான்ஸில் தலையைத் தரையில் ஊன்றி, காலை மேலே தூக்கி, பம்பரம் மாதிரி சுத்துவாங்களே, அந்த ‘ஹெட்ஸ்பின்’ பற்றித்தான். கலைவிழா நெருங்குது. விடுதி மொட்டை மாடியில் சில தம்பிகள் இதை முயற்சி பண்றாங்கன்னு கேள்விப்பட்டேன். இந்தப் பேச்சு முக்கியமாக அவர்களுக்கு.

முதலில் இது எங்கே பிறந்தது என்று பார்ப்போம். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி. 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் குடியிருப்பில் ஒரு விருந்து. இசைத்தட்டு போட்டவர் டி.ஜே. கூல் ஹெர்க். பாட்டில் குரல் நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்துக்கு ‘பிரேக்’ என்று பெயர். கூட்டம் அதற்காகவே காத்திருந்து ஆடுவதைக் கவனித்தவர் அவர். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, அந்தத் துண்டை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். அந்த நேரத்தில் ஆடியவர்கள்தான் ‘பி-பாய்’கள். கறுப்பின இளைஞர்களும் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி இளைஞர்களும் காசு செலவில்லாமல் வளர்த்த கலை இது. தெருவில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டால் அதுவே மேடை. 1983, 84-இல் வந்த ஹாலிவுட் படங்களும் வீடியோ கேசட்டுகளும் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோயின.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. கழுத்தில் ஏழு எலும்புகள். தினமும் அவை தாங்குவது அந்த 5 கிலோவைத்தான். 60 கிலோ ஆள் தலைகீழாக நின்று கையை எடுத்துவிட்டால், அதே கழுத்து 55 கிலோவைத் தாங்க வேண்டும். பதினொரு மடங்கு! சிரசாசனம் செய்பவர்களுக்குத் தெரியும்: முழங்கையும் முன்கையும் பெரும் பாரத்தை வாங்கிக்கொள்ளும், உடம்பும் அசையாமல் நிற்கும். இங்கே கடைசியில் கையும் இல்லை, உடம்பும் நிற்பதில்லை. அதனால்தான் சொல்றேன், சுத்துறது கடைசிப் பாடம்.

முதல் பாடம் கழுத்து. உள்ளங்கையை நெற்றியில் வைத்து அழுத்துங்கள். தலை அசையாமல் எதிர்த்து நிற்கட்டும். பத்து எண்ணுங்கள். பிறகு பின்னந்தலை, அப்புறம் இரண்டு பக்கமும். சில வாரங்கள் இதை மட்டும் செய்யுங்கள்.

இரண்டாவது, முக்கோணம். இரண்டு உள்ளங்கை, ஒரு தலை, மூன்று முனை. உச்சந்தலைக்குச் சற்று முன்னால் உள்ள இடம் தரையில் படட்டும். பாரம் கையில் இருக்கட்டும். ஒரு நிமிடம் ஆடாமல் நிற்க வந்த பிறகு காலை ‘வி’ மாதிரி விரியுங்கள். கூடவே இறங்கவும் பழகிக்கொள்ளுங்கள்: நிலை தவறினால் கழுத்தைத் திருப்பாமல், கையை ஊன்றி, காலை முன்பக்கம் மடக்கி இறக்க வேண்டும்.

மூன்றாவதுதான் ‘டேப்’. ஒரு கை தரையைத் தட்டித் தள்ளும், இன்னொரு கை காவல் இருக்கும். ஒரு தட்டுக்குக் கால் சுற்று போதும். தோளும் இடுப்பும் காலும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். உடம்பு திரும்பித் தலை மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றால் முறுக்கு முழுவதும் கழுத்துக்குப் போகும். தட்டுகள் சீரானபின், மூன்று தட்டு தட்டி ஒரு கணம் கையை விடுங்கள். அந்த ஒரு கணம் மாதக்கணக்கில் வளர்ந்துதான் முழுச் சுற்றாகிறது.

இயற்பியல் துறை மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. விரித்த காலோடு சுழலத் தொடங்கி, காலை மேலே சேர்த்தால் வேகம் கூடுகிறதே, ஏன்? நிலைமத் திருப்புத்திறன் குறைகிறது, கோண உந்தம் மாறுவதில்லை. ஆகவே வேகம் கூடியே ஆகணும். தேர்வில் எழுதியதை உடம்பால் எழுதுவது இது.

மொட்டை மாடி சிமெண்ட் தரை இதற்கு ஆகவே ஆகாது. வழவழப்பான மரத்தரை, லினோலியம் விரிப்பு நல்லது. தலையில் வழுக்கும் துணி தைத்த குல்லாய் அவசியம். கழுத்து வலித்தாலோ, கை மரத்துப் போனாலோ, விரல் குறுகுறுத்தாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். வீரம் காட்டுகிற இடமில்லை அது.

நன்றாகக் கற்றவர்களுக்கும் விலை உண்டு. டென்மார்க்கில் 19 ஆண்டுகளுக்கு மேல் ஆடிய ஒருவருக்கு, உச்சந்தலையில் முடி கொட்டி, பெரிய வீக்கம் வளர்ந்து, அறுவை செய்து எடுத்தார்கள். 2024-இல் மருத்துவ இதழில் வெளியான செய்தி இது. ஆகவே தினமும் வேண்டாம். ஒரு நாள் செய்தால் அடுத்த நாள் ஓய்வு.

அதே 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் முதல் முறையாக இடம்பெற்றது. ஜப்பானின் ஆமி, கனடாவின் பில் விசார்ட் இருவரும் தங்கம் வென்றனர். நடுவர்கள் நுட்பம் மட்டும் பார்க்கவில்லை. அசைவுகளின் வளம், செய்நேர்த்தி, இசையோடு இயைதல், தனித்தன்மை எல்லாவற்றுக்கும் மதிப்பெண். எத்தனை சுற்று என்ற கணக்கு அந்தப் பட்டியலில் கிடையாது.

தம்பிகளே, தங்கைகளே, இந்தக் கலைவிழாவுக்கு ஹெட்ஸ்பின் வராவிட்டால் பரவாயில்லை. பிரேக் டான்ஸில் நின்று ஆடும் அடவுகளும் தரையில் காலால் வரையும் அடவுகளும் நிறைய உண்டு, அவற்றை ஆடுங்கள். அடுத்த வருஷக் கலைவிழா எங்கும் போய்விடாது. கழுத்து மட்டும் ஒன்றுதான்.