எடை குறைந்த காரும் சுருங்கச் சொல்லலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக யாப்பையும் படிமத்தையும் பேசிவரும் இம்மேடையில், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்குவதையும் வைத்துக் காப்பதையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இங்கிலாந்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக அத்தகைய கார் ஒன்றை வைத்திருப்பவன் என்பது இதற்கு ஒரு தகுதி. மற்றொரு காரணமும் உண்டு. நன்னூலார் நூலுக்குரிய குற்றங்களைப் பத்தாக வகுத்து, குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் அவற்றின் முன்வரிசையில் நிறுத்தினார். அழகுகள் பத்தினுள் சுருங்கச் சொல்லலை முதலில் வைத்தார். இம்மூன்றையும் இரும்பிலும் அலுமினியத்திலும் காண விரும்புவோர்க்கு எடை குறைந்த கார்களின் வரலாறு நல்ல பாடம்.

அவ்வரலாற்றில் முதலில் நினைக்கத்தக்கவர் காலின் சாப்மன். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் பயின்ற அவர், 1952ஆம் ஆண்டில் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1962இல் அந்நிறுவனம் வெளியிட்ட எலான் என்னும் கார் ஏறத்தாழ 680 கிலோ எடையே கொண்டது. நடுவில் முதுகெலும்பு போன்ற எஃகுச் சட்டம், அதன்மேல் கண்ணாடியிழை உடல், அவ்வளவே. எஞ்சினின் ஆற்றலைக் கூட்டினால் நேர்ச்சாலையில் வேகம் மிகும். எடையைக் குறைத்தாலோ புறப்படும்போதும், திரும்பும்போதும், நிறுத்தும்போதும் பயன் கிட்டும். டயரும் பிரேக்கும் குறைவாகத் தேயும், எரிபொருள் மிஞ்சும். ஒரு நீக்கம் பல நன்மைகளை ஈனும் என்பதே இக்கலையின் அடிப்படை.

1980ஆம் ஆண்டில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், எம்.ஜி.பி. ஆகிய இரு கார்களின் உற்பத்தியும் நின்றது. ஆங்கில நாட்டின் எளிய திறந்த கார் மரபு ஏறக்குறைய அற்றுப்போன காலம் அது. அம்மரபை மீட்டவர்கள் ஜப்பானியர். பாப் ஹால் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் 1979இல் மஸ்டா நிறுவனத்தின் கெனிச்சி யமமோட்டோவிடம் இத்தகைய கார் ஒன்றைச் செய்யுமாறு கூறினார். அந்த விதை முளைத்து, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்.எக்ஸ்-5 ஆக வெளிவந்தது. ஜப்பானில் அதன் பெயர் யூனோஸ் ரோட்ஸ்டர். 1.6 லிட்டர் எஞ்சின். ஏறத்தாழ 115 குதிரைத்திறன். எடை 940 கிலோ அளவில்.

அதைச் செய்தவர்கள் எதைக் குறைத்தார்கள், எதைக் குறைக்கவில்லை என்பது கவிஞர்கள் ஊன்றி நோக்கத்தக்கது. முன்மூடியை அலுமினியத்தில் அமைத்தார்கள். மேற்கூரையை இருக்கையில் அமர்ந்தபடியே கையால் மடக்கும் துணிக்கூரை ஆக்கினார்கள். ஆனால் நான்கு சக்கரங்களுக்கும் செலவு மிகுந்த இரட்டைக் கைச் சஸ்பென்ஷனைக் கொடுத்தார்கள். கியர்ப் பெட்டியையும் பின்சக்கரப் பல்லிணைப்பையும் ஓர் அலுமினியச் சட்டத்தால் இறுகப் பிணைத்தார்கள். பாதம் அழுத்தியவுடன் கார் தயங்காது விடையளிப்பதற்கு இப்பிணைப்பே துணை. குதிரையும் வீரனும் ஓருடலாதல் என்று பொருள்படும் ஜப்பானியத் தொடரைத் தம் குறிக்கோளாக அவர்கள் கொண்டனர். அக்குறிக்கோளுக்கு உதவாததை விட்டார்கள். உதவுவதற்குத் தாராளமாகச் செலவிட்டார்கள். சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். 2016 ஏப்ரலில் இவ்வரிசையின் பத்து இலட்சமாவது கார் உருவாயிற்று.

இனி, பழைய கார் ஒன்றை வாங்கச் செல்வோம். முதலில் கண்ணைக் கவர்வது பெயிண்டின் பளபளப்பு. அறிந்தவர் அதை நம்புவதில்லை. பின்சக்கரத்துக்குச் சற்று முன்னே, கதவின் அடியில் பெட்டி வடிவில் ஓடும் இரும்புப் பகுதியைக் குனிந்து பார்ப்பார், விரலால் அழுத்துவார், காந்தத்தை வைத்துப் பார்ப்பார். பட்டி பார்த்துப் பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. அவ்விடத்தில் துரு ஏறுவதன் காரணம் சிறிது வியப்பானது. துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைக்குப் பின்னுள்ள குழாய்களின் வழியே கீழிறங்கி வெளியேற வேண்டும். உதிர்ந்த இலைகள் அக்குழாயை அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே தேங்கி, இரும்பை அகத்திலிருந்து அரிக்கும். வெளியே கொப்புளம் தோன்றும்போது உள்ளே பாதி போயிருக்கும். இருக்கைக்குப் பின்னுள்ள விரிப்பு ஈரமாக இருந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. அரிப்பு மிகுந்து இருக்கை வார் பொருத்திய இடத்தருகே பரவினால் பிரிட்டனின் ஆண்டுச் சோதனையில் கார் தேறாது. ஓராண்டில் ஓரிரு முறை குழாயைத் துப்புரவு செய்திருந்தால் இந்நிலை வந்திராது.

1991ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை வந்த எஞ்சின்களில் மற்றொரு நுட்பம் உண்டு. கிராங்க் தண்டின் முனை குறுகியதாக இருந்தமையால், அங்குள்ள போல்ட் தளர்ந்தால் தண்டே பழுதாகும். முன்புறக் கப்பியில் நான்கு பிளவுகள் காணப்பட்டால் பழைய வகை. எட்டு இருந்தால் திருத்திய வகை. கப்பி தள்ளாடிச் சுழல்கிறதா என்று எஞ்சின் ஓடும்போது நின்று கவனிக்க வேண்டும். டைமிங் பெல்ட் ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றப்பட்டதற்கான சீட்டைக் கேட்க வேண்டும். ஒரு காரின் உண்மையான வரலாறு விற்பவரின் சொல்லில் கிடைப்பதைவிட அச்சீட்டுகளின் கட்டில் தெளிவாகக் கிடைக்கும்.

வாங்கிய பின் வருவது வைத்திருத்தல். பின்புறச் சாளரம் நெகிழி. குளிர்நாளில் அது விறைத்துவிடும். ஜிப்பைக் கழற்றிச் சாளரத்தைப் படுக்கவைத்த பின்னரே கூரையை மடக்க வேண்டும். அவசரப்பட்டால் மடிப்பு விழுந்து வெடிக்கும். இப்படிப் பல சிறு கட்டுப்பாடுகள். ஆயினும், சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் ஸ்டியரிங் வழியே விரல்களுக்குச் செய்தியாக வருகின்றது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலேயே முழு மனமும் ஈடுபடுகிறது. வேகவரம்பை மீறாமலே நிறைவு காண இயல்வது இக்காரின் பெரிய நன்மை.

நீக்குவதற்கும் எல்லை உண்டு. அதை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. லோட்டஸ் பந்தயக் கார்களின் பாகங்கள் வலுவற்றவை என்ற கவலையை ஓட்டுநர் யோகன் ரிண்ட் சாப்மனுக்குக் கடிதமாகவே எழுதியிருந்தார். 1970 செப்டம்பர் 5ஆம் நாள் இத்தாலியின் மொன்சா களத்தில், பயிற்சியின்போது அவர் உயிரிழந்தார். முன்சக்கரப் பிரேக் தண்டு முறிந்தது விபத்தின் தொடக்கம் என்றும், ஓரத்தடுப்பு ஒழுங்காக அமைக்கப்படாமை உயிரைப் பறித்தது என்றும் விசாரணையில் கூறப்பட்டது. அவ்வாண்டின் உலகச் சாம்பியன் பட்டம் இறந்த அவருக்கே வழங்கப்பெற்றது. குன்றக் கூறல் ஏட்டில் ஒரு குற்றம்; இங்கே அதன் விலை ஓர் உயிர். நான் கூறிய பழைய எம்.எக்ஸ்-5இலும், பிரிட்டனில் விற்ற தொடக்க காலக் கார்களில் காற்றுப்பை இல்லை. மகனையோ மகளையோ அருகில் அமர்த்தும்போது அதை நினைந்தே ஓட்ட வேண்டும்.

மறுபுறம் மிகைபடக் கூறலும் தானே வந்து சேரும். எம்.எக்ஸ்-5 தலைமுறைதோறும் பருத்துக்கொண்டே வந்தது. 2015இல் வந்த நான்காம் தலைமுறையில், பாதுகாப்புக் கருவிகளைக் கைவிடாமலே, முன்னதைவிட ஏறத்தாழ 100 கிலோவைக் குறைத்தார்கள். ஒவ்வொரு பாகத்தையும் மீண்டும் எடுத்து நிறுத்துப் பார்த்தால்தான் அது இயலும்.

கவிஞர் பெருமக்களே, குறள் வெண்பாவின் ஏழு சீரில் ஒன்றை உருவினால் யாப்பே குலையும். புதுக்கவிதைக்கோ அந்தக் காவல் இல்லை. எழுதுபவரே நிறுப்பவராகவும் இருக்க வேண்டும். ஒரு சொல்லை நீக்கிப் படியுங்கள். கவிதை விரைந்தால் அச்சொல் சுமை. நொண்டினால் அது பிரேக் தண்டு. உடனே திரும்ப வையுங்கள். அடுத்தவர் கவிதையைப் படிக்கும்போது பளபளப்பான முதலடியைப் புகழ்வதற்கு முன், மழைநீர் தேங்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். நண்பரின் படைப்பில் உள்ள துருவை அன்போடு சுட்டிக்காட்டும் துணிவு இவ்வட்டத்துக்கு அடுத்த பத்தாண்டிலும் வேண்டும் என்பதே என் விழைவு.